ஒரே பெட்டிக்குள் ஒன்பது பிரதி



சென்ற மாதம் இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் நெமிலிக்குப் போயிருந்தேன். சித்தப்பா மகன் அங்கே தாலுகா அலுவலகத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறான். டிடிபி, ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அந்த ஒரே அறையில்தான். பட்டா மாறுதலுக்கு அலைகிறவர்கள், முதியோர் பென்ஷனுக்கு மனு எழுத வருகிறவர்கள், பிள்ளைக்கு வருமானச் சான்று கேட்டு வருகிறவர்கள் என்று காலை பத்து மணிக்கே வாசலில் செருப்புகள் நிறைந்துவிடும்.

நான் போன அன்றும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஆனால் உள்ளே வேலை நடக்கவில்லை. ஸ்கேனரின் விளக்கு ஓடி முடிகிறது, படம் சேமிப்பாகவில்லை. திரையில் டி டிரைவின் பட்டை முழுக்கச் சிவப்பு. 500 ஜிபி வட்டில் 200 எம்பி கூட மிச்சமில்லை. "புது ஹார்ட் டிஸ்க் வாங்கியாகணும்ணா. இப்ப அதுக்குக் காசுக்கு எங்க போறது?" என்றான் தம்பி. இரண்டு ராத்திரி கொடு, பார்க்கலாம் என்றேன்.

அந்த இரண்டு இரவுகளில் பார்த்ததைத்தான் இந்த மாதம் உங்களுக்கு எழுதுகிறேன். தொழில்நுட்பப் பக்கத்துக்குப் போகவேண்டிய விஷயமாயிற்றே என்று எங்கள் உதவி ஆசிரியர் கேட்டார். கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கடை சாத்திய பிறகு டி டிரைவைத் திறந்தோம். 'ஸ்கேன்', 'ஸ்கேன் நியூ', 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் (2)', 'பேக்கப்', 'பேக்கப் பழசு', 'டெஸ்க்டாப் எல்லாம்', 'லேப்டாப் பழசு'. இந்தக் கடைசி ஃபோல்டருக்கு ஒரு வரலாறு உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்ட அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது தம்பிக்கு ஒரு மடிக்கணினி கிடைத்தது. அவன் தொழிலைத் தொடங்கியதே அதை வைத்துத்தான். அது பழுதானபோது உள்ளே இருந்ததை எல்லாம் அப்படியே புதுக் கணினிக்குக் கொண்டுவந்தான். பிறகு புதுக் கணினி மெதுவானபோது, பழுது பார்க்க வந்தவர் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் இன்னொரு ஃபோல்டரில் நகல் எடுத்துவைத்தார். அடுத்த முறை அந்த நகலும் சேர்த்து நகலானது. வெங்காயம் உரிப்பது போல ஒன்றைத் திறந்தால் அதற்குள் அதே பெயரில் இன்னொன்று. 2014-இல் அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகை அந்தப் பெட்டிக்குள் ஒன்பது இடத்தில் இருந்தது.

இது நெமிலிக் கடையின் கதை மட்டும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் செல்போனிலும் இதுதான் நடக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கு 'சென்ட்' என்ற ஃபோல்டரில் இன்னொரு பிரதி தங்கிவிடுகிறது. கேமராவில் ஒன்று, அங்கே ஒன்று. அதே படத்தை யாராவது குடும்பக் குழுவில் போட்டால் திரும்பவும் ஒன்று வந்து இறங்கும். 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், இந்தியர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் காலை வணக்கப் படங்களால் போன்கள் நிரம்பி வழிவதைப் பற்றிப் பெரிய செய்தி வெளியிட்டது. ரோஜாப்பூ, சூரியோதயம், குழந்தை, பொன்மொழி. இங்கே மூன்றில் ஒருவருக்குத் தினமும் போனில் இடம் தீர்ந்துபோகிறது என்றது அந்தச் செய்தி. அதற்குச் சற்று முன்னால், 2017 டிசம்பரில்தான் கூகுள் இந்தியாவை மனத்தில் வைத்து 'ஃபைல்ஸ் கோ' என்ற செயலியை வெளியிட்டிருந்தது. இரட்டைப் பிரதிகளையும் காலை வணக்கப் படங்களையும் கண்டுபிடித்து, அழிக்கட்டுமா என்று கேட்பது அதன் வேலைகளில் ஒன்று. இன்றைக்குப் பல போன்களில் 'ஃபைல்ஸ்' என்ற பெயரில் இருப்பது அதுதான்.

முதல் இரவு வேலையில் சித்தப்பாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் செலக்‌ஷனில் முப்பது வருஷம் இருந்தவர் அவர். குவிந்து கிடக்கும் தோலை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, அளவு பார்த்து, விரலால் தடிமன் பார்த்து, கீறலும் உண்ணிக்கடித் தழும்பும் பார்த்து ரகம் பிரிக்கிற வேலை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "ஏம்பா, ரெண்டும் ஒண்ணுதான்னு அதுக்கு எப்படித் தெரியும்? தொட்டா பாக்குது?"

நல்ல கேள்வி. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பெயரை அது நம்புவதில்லை. 'மனு', 'மனு புதுசு', 'மனு கடைசி' என்று மூன்று பெயரில் ஒரே கோப்பு இருக்கலாம். 'ஸ்கேன்0001' என்ற ஒரே பெயரில் ஐந்து பேருடைய சான்றிதழ்கள் இருக்கலாம். ஆகவே முதலில் அளவைப் பார்க்கும். ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது, தள்ளிவிடலாம். லட்சம் கோப்பில் பெரும்பகுதி இந்த முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். அளவு ஒத்துப்போனவற்றை மட்டும் உள்ளே படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை எண் கணக்கிடும். 1991-இல் ரொனால்ட் ரிவெஸ்ட் உருவாக்கிய எம்டி5, அதற்குப் பின் வந்த ஷா-256 போன்றவை இந்த முத்திரை போடும் கணக்குகள். முழுப் புத்தகத்தையே கொடுத்தாலும் ஷா-256 அதை 64 இலக்கத்துக்குள் சுருக்கித் தரும். அந்தப் புத்தகத்தில் ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தால் முத்திரை அடையாளமே தெரியாமல் மாறிப்போகும். இரண்டு கோப்புக்கு ஒரே முத்திரை என்றால் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய நிச்சயமாக ஒன்றுதான். லினக்ஸில் இருக்கும் எஃப்டூப்ஸ் போன்ற நிரல்கள் அதோடும் நிற்பதில்லை. கடைசியாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் பைட்டில் இருந்து கடைசி பைட் வரை ஒத்துப் பார்க்கும்.

"அப்ப தொட்டுத்தான் பாக்குது" என்றார் சித்தப்பா.

நாங்கள் பயன்படுத்தியது டூப்குரு என்ற இலவச நிரல். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இத்தகைய நிரலை உங்கள் ஃபோல்டர்கள் மேல் மட்டும் ஏவுங்கள். சி டிரைவில் இருக்கும் விண்டோஸ் ஃபோல்டர், நிரல்கள் இருக்கும் ஃபோல்டர் பக்கம் போகவே வேண்டாம். அங்கே ஒரே கோப்பு பல இடத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்றை எடுத்தால் கணினி எழுந்திருக்காமல் போகலாம். அழித்தவை முதலில் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும், அதைக் காலி செய்யும்வரை வட்டில் இடம் கிடைக்காது என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒரு வாரம் வைத்திருந்து, யாரும் எதையும் தேடவில்லை என்று தெரிந்த பிறகு காலி செய்தால் போதும்.

இரவு ஒரு மணி வாக்கில் பட்டியல் வந்தது. எழுத்துக் கோப்புகளால் பெரிய இடம் அடைபடவில்லை. யூனிகோடு தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட். 'அம்மா' என்ற சொல்லுக்குப் பதினைந்து பைட். ஒரு பக்கத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு குறியீடு என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பக்க நாவலே நாலரை எம்பிக்குள் அடங்கிவிடும். போன் கேமராவில் அவசரமாக எடுத்த ஒரு படமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இடத்தைத் தின்றவை போட்டோக்களும், ஃபிளெக்ஸ் பேனர் டிசைன்களும், யாரோ ஒருவர் பிரின்ட் போடக் கொடுத்து மறந்துபோன காதுகுத்து வீடியோவும். அந்த வீடியோ மட்டும் நான்கு இடத்தில். வட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்பட்டமான இரட்டைகள்.

அழிக்க மனம் வராத இடங்களும் இருந்தன. ஒரே கோப்பை 'கோயில் வேலை' ஃபோல்டரிலும் தேடுகிறான், 'வாடிக்கையாளர்' ஃபோல்டரிலும் தேடுகிறான். இரண்டு இடத்திலும் இருந்தாக வேண்டும் என்றான் தம்பி. அதற்கும் வழி உண்டு. ஹார்ட் லிங்க் என்பார்கள். தாலுகா அலுவலகத்துப் பக்கத்திலேயே இருக்கிறவனுக்குக் கூட்டுப் பட்டாவை வைத்துத்தான் விளக்கினேன். நிலம் ஒன்று, சர்வே எண் ஒன்று, பட்டாவில் பெயர் இரண்டு. ஒருவர் பெயரை நீக்கினாலும் நிலம் மற்றவர் பெயரில் அப்படியே இருக்கும். கடைசிப் பெயரும் போனால்தான் நிலம் கைவிட்டுப் போகும். ஹார்ட் லிங்க்கும் அப்படித்தான்: வட்டில் சரக்கு ஒன்று, இரண்டு ஃபோல்டரில் இரண்டு பெயர், இடம் ஒரு மடங்கு. டெஸ்க்டாப்பில் நாம் போட்டுக்கொள்ளும் ஷார்ட்கட் வேறு. அது விலாசச் சீட்டு மாதிரி. வீட்டை இடித்துவிட்டால் சீட்டு கையில் இருந்தும் பிரயோசனம் இல்லை.

கூட்டுப் பட்டாவுக்குள்ள சிக்கல் இதிலும் உண்டு. ஒருவர் கிணறு வெட்டினால் அது இருவர் நிலத்திலும்தான். ஒரு பெயரில் திறந்து கோப்பைத் திருத்தினால் மற்றப் பெயரிலும் அது திருத்தமாகிவிடலாம். அதனால் இனிமேல் மாறாத போட்டோ, பிடிஎஃப் போன்றவற்றுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். ஒரே வட்டின் ஒரே பகுதிக்குள்தான் இது நடக்கும், சி டிரைவில் ஒரு பெயரும் டி டிரைவில் ஒரு பெயரும் வைக்க முடியாது. பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ஃபேட் அமைப்பில் அறவே முடியாது. ஆப்பிள் 2017-இல் மேக் கணினிகளுக்குக் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ், லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் போன்ற புதிய கோப்பமைப்புகளில் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கிறது. நகல் எடுத்தவுடன் இடம் செலவாகாது. இரண்டில் ஒன்றைத் திருத்தினால் மாறிய பகுதிக்கு மட்டும் தனி இடம் ஒதுக்கும். பாகம் பிரியும் நாள்வரை கூட்டுக் குடும்பம்.

இனி, எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி. இயந்திரம் ஒன்று என்று சொன்னவை தீர்ந்த பிறகு, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் இயந்திரம் வேறு என்று சொன்னவை மிஞ்சின. அங்கேதான் மனிதருக்கு வேலை.

திருவிழாப் போட்டோ ஒன்று. இரண்டு பிரதி, ஒரே தேர், ஒரே கூட்டம். ஒன்று நான்கு எம்பி, இன்னொன்று 150 கேபி. வாட்ஸ்அப்பில் வரும்போது படம் சுருக்கப்படுவதால் வந்த வித்தியாசம். போனில் பார்த்தால் தெரியாது. சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரின்ட் எடுத்தால் சின்னதில் முகங்கள் கரைந்துவிடும். பெரியதை வைத்துச் சின்னதை அழித்தோம். நல்ல படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். சுருங்காமல் அப்படியே போகும்.

அடுத்தது மனு மாதிரிகள். முதியோர் பென்ஷனுக்கான மனு, சொல்லுக்குச் சொல் ஒன்று, இரண்டு கோப்பு. முத்திரை வேறு வேறாக வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினால், ஒன்றில் வேலூர் மாவட்டம், இன்னொன்றில் இராணிப்பேட்டை மாவட்டம். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது தம்பி ஒரு நகலெடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறான். அதற்கும் முந்தைய தலைமுறை ஆவணங்களில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருக்கும். அது வேலூர் மாவட்டம் ஆனது 1996-இல். ஒரு ஊர் இருந்த இடத்திலேயே இருந்து மூன்று மாவட்டத்துக்குப் பெயர் எழுதியிருக்கிறது. பழைய மனுவைத் தவறுதலாகப் பிரின்ட் போட்டுக் கொடுத்தால், ஒரு பாட்டி இன்னொரு நாள் பஸ் ஏறி வரவேண்டும். அதனால் பழையதைத் தனியாக எடுத்துவைத்தோம்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றையும் அங்கே கண்டோம். ஒரே ஃபோல்டரில் 'கோயில் திருவிழா' என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. ஒரே பெயரில் இரண்டை எந்தக் கணினியும் அனுமதிக்காதே என்று தம்பி திகைத்தான். காரணம் 'கோ'. யூனிகோடில் இந்த எழுத்தை, ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைத்தும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகப் பிரித்தும் எழுதலாம். முதலாவது ஆறு பைட், அடுத்தது ஒன்பது பைட். நம் கண்ணுக்கு இரண்டும் 'கோ'தான். ஒன்று கடையில் அடித்த பெயர். மற்றது யாரோ ஸ்டூடியோக்காரருடைய ஆப்பிள் கணினி வழியாக வந்தது. 'ஸ்ரீ'யும் இப்படித்தான். 2005-இல் யூனிகோடில் ஶகரம் சேர்ந்த பிறகு அதற்கும் இரண்டு வழி வந்துவிட்டது. பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகளும், அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளும் பொருளில் ஒன்று, பைட்டில் முற்றிலும் வேறு. இவற்றில் எதை வைப்பது என்று எந்த நிரலும் சொல்லாது. யூனிகோடில் உள்ளதைத் திறந்து, எழுத்து உடையாமல் வந்திருக்கிறதா என்று முழுக்கப் படித்துப் பார்த்த பிறகே பழையதைக் கைவிடலாம்.

இந்த இடத்தில் எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் அவர் ஊர் ஊராகப் போய் ஒரே நூலின் ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. ஒரு ஏட்டில் சிதைந்த சொல் இன்னொன்றில் முழுதாக இருந்தது; ஓர் ஏட்டில் பிழையாக இருந்தது வேறொன்றில் திருத்தமாக இருந்தது. பாடபேதம் என்று நாம் சொல்வது அதைத்தான். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதுதான் மிகை. ஓர் எழுத்து வேறுபட்டாலும் அது வேறு பிரதி, அதைப் படித்தவர்தான் அதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் 'கட்டுரை இறுதி', 'கட்டுரை இறுதி திருத்தியது' என்று கிடப்பவற்றையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். அவற்றில் ஒன்றை அழிக்கும் உரிமை அதைத் திருத்தியவருக்கு மட்டுமே.

தம்பியிடம் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசியது ஒரு விஷயத்தில்தான். அவன் கடையில் பல நூறு பேருடைய ஆதார் அட்டைகள் ஸ்கேனாகி, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிக் கிடந்தன. ஆதாரின் அடிப்படையே ஒருவருக்கு ஒரே எண் என்பது. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்பிலி கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்ட நாளில் இருந்து, புதிதாகப் பதிகிறவரின் கைரேகையையும் கருவிழியையும் ஏற்கெனவே பதிந்தவர்களோடு ஒப்பிட்டு, இவர் முன்பே பதிந்தவரா என்று பார்த்த பிறகுதான் எண் கொடுக்கிறார்கள். அப்படி ஒற்றையாகக் காத்த எண், கடவுச்சொல்லே இல்லாத ஒரு கடைக் கணினியில் ஒன்பது நகலாகக் கிடக்கலாமா? பிரின்ட் கொடுத்த கையோடு அழித்துவிட வேண்டும் என்றேன். நீங்களும் கடையில் ஆதார் நகல் எடுத்தால், வேலை முடிந்ததும் உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். முழு எண் தேவைப்படாத இடங்களில் அதைக் கொடுங்கள்.

தம்பி தயங்கினான். "அழிச்சிட்டா திரும்ப வந்து கேப்பாங்களேண்ணா" என்றான். அவன் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது மறுநாள் காலையில் எனக்குத் தெரிந்தது.

கடை திறந்ததும் ஓர் ஆயா வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. "தம்பி, முன்ன ஒரு வாட்டி உங்கிட்டதான் வந்து கூர்சீட்டு ஜெராக்ஸ் எடுத்தேன். உம் பொட்டிக்குள்ளதான் இருக்கும், எடுத்துக் குடு" என்றார். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டபோது எழுதிய கூர்சீட்டு அது. பதிவு செய்யாதது. பதிவான பத்திரமாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கிவிடலாம். கூர்சீட்டுக்கு அப்படி எந்த அலுவலகத்திலும் இன்னொரு பிரதி கிடையாது. டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த அசலைக் கரையான் அரித்துவிட்டது. மிஞ்சிய துண்டுகளைத்தான் பையில் கொண்டுவந்திருந்தார்.

தேடினோம். காதுகுத்து வீடியோ நான்கு, கல்யாணப் பத்திரிகை ஒன்பது என்று இருந்த அந்தப் பெட்டியில், கூர்சீட்டு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. 'நியூ ஃபோல்டர் (3)'-க்குள், 'ஸ்கேன்0047' என்ற பெயரில், ஒரு எம்பிக்குச் சற்று மேல். முதல் நாள் இரவு அந்த ஃபோல்டரைப் பார்த்துவிட்டு, எல்லாம் பழைய குப்பை, மொத்தமாக அழித்துவிடலாமா என்று தம்பி கேட்டிருந்தான். இரட்டைகளை மட்டும் எடுப்போம் என்று விட்டுவைத்ததால் பிழைத்தது. இல்லாவிட்டாலும், அந்தப் பத்து வருஷப் பழைய வட்டு என்றைக்காவது ஒருநாள் சுழலாமல் நின்றிருந்தால், ஒன்பது பத்திரிகையும் ஒற்றைக் கூர்சீட்டும் ஒன்றாகத்தான் போயிருக்கும்.

ஒரே பெட்டிக்குள் ஒன்பது பிரதி வைத்திருந்தும் பாதுகாப்பில் அது ஒரு பிரதிக்குச் சமம்தான். தீ, வெள்ளம், திருட்டு, வட்டுப் பழுது எதுவும் ஃபோல்டர் பார்த்து வருவதில்லை. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு ஊரில் இன்னொரு பிரதி இருந்த நூல்கள் திரும்ப வந்து சேர்ந்தன. அங்கே மட்டும் இருந்த ஏடுகள் போனது போனதுதான். பீட்டர் குரோக் என்ற அமெரிக்க ஒளிப்படக்காரர் பரப்பிய ஒரு கணக்கு இன்று கணினித் துறையில் எல்லோரும் சொல்வது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். கடைக் கணினியில் ஒன்று, வீட்டில் தனி வட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று வைத்தால் கணக்கு நேராகிவிடும். கூகுள் தருகிற இலவச இடம் 15 ஜிபி. 2021 ஜூன் முதல் போட்டோக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. இரட்டைகளை நீக்கிய பிறகு ஏற்றினால் உண்மையில் முக்கியமானவை அதற்குள் அடங்கும். இடத்தை மிச்சம் பிடிக்கச் சொல்வது அதற்காகத்தான். ஒன்பதில் எட்டை நீக்கிக் கிடைக்கும் இடத்தில்தான் ஒன்றே ஒன்றாக இருப்பதற்கு இன்னொரு பிரதி வைக்க முடியும்.

கூர்சீட்டை ஆயாவுக்கு மூன்று பிரின்ட் போட்டு லேமினேஷன் செய்துகொடுத்தோம். அரக்கோணத்தில் இருக்கும் அவர் மகளின் போனுக்கு டாக்குமென்டாக அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேட்டோம். பெரிய எழுத்தாகத் திறந்து, நாற்புறமும் எல்லை எழுதியிருக்கும் பகுதியை வாசிக்கச் சொன்னோம். வாசித்தார். அதன் பிறகுதான் தம்பி தன் கணினியில் இருந்த பிரதியை, ஆயாவிடம் சொல்லிவிட்டு, அழித்தான். இப்போது கடைச் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறான்: 'ஸ்கேன் செய்ததைப் பென்டிரைவிலோ போனிலோ வாங்கிச் செல்லவும். கடையில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்காது.' வட்டில் 160 ஜிபிக்கு மேல் இடம் கிடைத்திருக்கிறது. புதிய வட்டு வாங்குவதைத் தள்ளிப் போட்டுவிட்டான். பாதிப் பணத்தில் வெளியில் மாட்டும் சின்ன வட்டு ஒன்று வாங்கி, வாரம் ஒரு முறை நகலெடுத்து வீட்டில் சித்தப்பாவிடம் கொடுத்துவைக்கிறான்.

எங்கள் அலுவலகத்திலும் இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறோம். வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள், கதைகள், படங்கள் எல்லாவற்றிலும் இரட்டைகளை நீக்கி, மிஞ்சியதை இரண்டு ஊரில் வைக்கப்போகிறோம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். படைப்பை ஒரே முறை, யூனிகோடில், டாக்குமென்டாக அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் பதில் போடுகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை கணினி முன்னால் உட்கார ஒரு மணி நேரம் கிடைத்தால், உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரே ஒரு பிரதியாக இருப்பது எது என்று முதலில் தேடுங்கள். அது கிடைத்ததும் வேறு ஊரில் இருக்கும் உங்கள் மகளுக்கோ தம்பிக்கோ ஒரு பிரதி அனுப்பி, திறந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரட்டைகளை அதற்கு அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்